காலி நோடும் கர்னலும்: வாசகர் கேள்வி – பதில்

விஎம்-களில் (மெய்நிகர் கணினிகளில்) மெமரி இல்லாத நியூமா நோடுகளை லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எப்படிக் கையாள்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழிலேயே தந்துள்ளோம். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நியூமா நோடு என்றால் சில சிபியுக்களும் அவற்றுக்குப் பக்கத்தில் உள்ள மெமரியும் சேர்ந்த தொகுப்பு என்றுதான் படித்தேன். எங்கள் விஎம் ஒன்றில் நோடுகளைக் காட்டும் நியூமாசிடிஎல் --ஹார்ட்வேர் கட்டளை கொடுத்தால் ‘நோடு 2 சைஸ்: 0 எம்.பி.’ என்று வருகிறது. மெமரியே இல்லாமல் நோடு எதற்கு?

பதில்: பெரும்பாலும் இடம் பிடித்து வைப்பதற்குத்தான். நிஜ சர்வரில் ஒரு சாக்கெட்டின் பக்கத்து டிம் (மெமரிப் பலகை) ஸ்லாட்டுகள் காலியாக இருந்தால் அது மெமரி இல்லாத நோடு. விஎம்-மில் பெரும்பாலும் வேண்டுமென்றே செய்வார்கள். ‘இன்று 8 ஜி.பி. போதும், தேவைப்படும்போது நோடு 2-இல் மெமரி ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற எண்ணம்.

கர்னல் இந்த நோடுகளைப் பல பட்டியல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/நோட் அடைவுக்குள் பாசிபிள், ஆன்லைன், ஹாஸ்_மெமரி, ஹாஸ்_நார்மல்_மெமரி, ஹாஸ்_சிபியு என்ற கோப்புகளை ‘கேட்’ கட்டளையால் படித்துப் பாருங்கள். உங்கள் விஎம்-மில் பாசிபிள் 0-3, ஆன்லைன் 0-2, ஹாஸ்_மெமரி 0-1 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நோடு 2-இல் சிபியு உண்டு, மெமரி இல்லை. நோடு 3-இல் இரண்டும் இல்லை, ஆனால் ஒருநாள் வரலாம் என்று கர்னலுக்குத் தெரியும். நோடு 4 என்ற ஒன்று கர்னலின் உலகத்திலேயே கிடையாது.

முக்கியமானது பாசிபிள் பட்டியல். அது பூட் ஆகும்போது ஃபர்ம்வேர் (கணினியின் தொடக்க மென்பொருள்) தரும் தகவலை வைத்து ஒரே முறை முடிவாகிறது, பிறகு நீளாது. ரயில் பெட்டியில் பெர்த் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷனில் ஆள் ஏறிப் படுக்கலாம். ஓடும் ரயிலில் புதிதாக பெர்த் அடிக்க முடியாது. கீழே வரும் கோளாறுகளில் பலவும் இந்தப் பட்டியல்களில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

நோடு 2-இல் ஓடும் நிரலுக்கு மெமரி எங்கிருந்து வரும் என்பது இயல்பான அடுத்த சந்தேகம். ஒவ்வொரு நோடுக்கும் ‘முதலில் இங்கே கேள், இல்லையென்றால் அங்கே’ என்று ஒரு வரிசை உண்டு. அதன் பெயர் சோன்லிஸ்ட். காலி நோடின் வரிசையில் அதன் சொந்த மெமரி இருக்காது, மற்றபடி தூரக் கணக்கில் அருகிலுள்ள நோடு முதலில் வரும். தன் நோடுக்குத் தூரம் 10, மற்றதற்கு வேறு ஏதும் சொல்லாவிட்டால் 20. அதனால் நிரல் சாதாரணமாகவே ஓடும், கொஞ்சம் தூரத்து மெமரியில். பிஎஸ் கட்டளையில் பாருங்கள்: கேஸ்வாப்டி0, கேஸ்வாப்டி1 இருக்கும், கேஸ்வாப்டி2 இருக்காது. மீட்டெடுக்க மெமரிப் பக்கமே (பேஜ்) இல்லாத நோடுக்குக் காவலாளை கர்னல் போடுவதில்லை. மெமரி ஏறிய பிறகுதான் கேஸ்வாப்டி2 தலைகாட்டும்.

கேள்வி: எக்ஸ்86 ஹோஸ்டில் (விஎம்-மைத் தாங்கும் எந்திரத்தில்) கியூஎமு என்ற விஎம் மென்பொருள் ஓட்டுகிறேன். நோடு 0, 1-க்கு மெமரியும் சிபியுவும் கொடுத்து, 2, 3 இரண்டையும் காலியாக விட்டேன். விஎம்-முக்குள் பாசிபிள் பட்டியலில் 2 இல்லை, 3 மட்டும் இருக்கிறது. நோடு 2-க்கென்று ஹாட்பிளக் செய்த (ஓடும்போதே செருகிய) டிம் அங்கே போகவில்லை. 3-க்குச் செய்தால் போகிறது. என் கட்டளையில் தவறா?

பதில்: கட்டளையில் தவறில்லை. ஃபர்ம்வேர் வன்பொருளை விவரிக்கும் ஏசிபிஐ-யின் ஸ்ராட் அட்டவணையில்தான் விஷயம். எந்த முகவரி எந்த நோடு, எந்த சிபியு எந்த நோடு என்று விஎம்-முக்குச் சொல்வது அதுதான். நோடு 2-இல் மெமரியும் இல்லை, சிபியுவும் இல்லை என்றால் அந்த அட்டவணையில் எழுத ஒரு வரிகூடக் கிடையாது. நோடு 3 தப்பித்தது வேறு காரணத்தால். மேக்ஸ்மெம் (மெமரியின் உச்ச அளவு) கொடுத்திருந்தால், பின்னால் மெமரி வரப்போகும் முகவரிப் பரப்பு முழுவதையும் கியூஎமு ‘ஹாட்பிளக் ஆகலாம்’ என்ற குறியோடு, எண்ணில் கடைசி நோடின் பெயரில் எழுதிவிடுகிறது. விண்டோஸ் கெஸ்ட் (விஎம்-முக்குள் ஓடும் இயங்குதளம்) அப்படி எழுதினால்தான் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. லினக்ஸுக்கு அதனால் ஒரு நோடு இலவசமாகக் கிடைக்கிறது.

பட்டியலில் இல்லாத நோடுக்கு மெமரி வந்தால், கர்னலின் வயதைப் பொறுத்து இரண்டில் ஒன்று நடக்கும். ‘நோடு 2 வாஸ் ஆப்சென்ட் ஃப்ரம் த நோட்_பாசிபிள்_மேப்’ என்று டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவில்) எச்சரித்து மெமரியை ஏற்க மறுக்கும். அல்லது சத்தமில்லாமல் வேறு நோடில் சேர்த்துவிடும். இரண்டாவதுதான் மோசம், யாரும் கவனிப்பதில்லை. ஹாட்பிளக் செய்தவுடன் நியூமாசிடிஎல் எடுத்து எந்த நோடின் சைஸ் ஏறியது என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தீர்வு எளிது. ஒரே ஒரு காலி நோடு போதுமென்றால் அதைக் கடைசி எண்ணாக வையுங்கள். இரண்டு மூன்று வேண்டுமென்றால் மேக்ஸ்சிபியுஸ் எண்ணை, தொடங்கும் சிபியு எண்ணிக்கையைவிடக் கூடுதலாகக் கொடுத்து, இன்னும் செருகாத அந்த சிபியுக்களைக் காலி நோடுகளின் பெயரில் எழுதிவிடுங்கள். செருகாவிட்டாலும் ஸ்ராட்டில் அவற்றுக்கு வரி வந்துவிடும், நோடும் பாசிபிள் ஆகிவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு நோடுக்கும் தொடக்கத்திலேயே கொஞ்சம் மெமரி கொடுங்கள். அந்தக் ‘கொஞ்சம்’ 128 எம்.பி.-யாவது இருக்கட்டும். 4 எம்.பி.-க்குக் குறைவான நோடை எக்ஸ்86 கர்னல் நெடுங்காலம் நோடாகவே மதிக்காமல் ஒதுக்கி வந்தது. அந்த வரம்பை 2023-இல்தான் நீக்கினார்கள். நோடுகளுக்குக் கொடுக்கும் மெம்டெவ் அளவுகளின் கூட்டுத்தொகை, மொத்த மெமரியைச் சொல்லும் -எம் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு எம்.பி. பிசகினாலும் கியூஎமு கிளம்பாது.

கேள்வி: அதே அமைப்பை ஆர்ம்64 ‘விர்ட்’ மெஷினில், ஃபர்ம்வேர் இல்லாமல் கர்னலை நேரடியாகக் கொடுத்து ஓட்டினேன். 1 ஜி.பி. மெமரி, இரண்டு நோடுகளுக்கு 512 எம்.பி. வீதம், பிறகு இரண்டு காலி நோடுகள். விஎம் தொடங்கவே இல்லை. ‘மெமரி@80000000’ என்ற துணைநோடை உருவாக்க முடியவில்லை, எஃப்டிடி_இஆர்ஆர்_எக்ஸிஸ்ட்ஸ் என்று கியூஎமு நின்றுவிடுகிறது. காலி நோடு ஒன்று மட்டும் இருந்தால் ஓடுகிறது!

பதில்: பழைய கியூஎமு வைத்திருக்கிறீர்கள். இங்கே ஏசிபிஐ இல்லை, வன்பொருளை மரவடிவில் பட்டியலிடும் டிவைஸ் ட்ரீதான் பேசுகிறது. அதில் மெமரித் துண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் அதன் தொடக்க முகவரியை வைத்து வரும்: மெமரி@ போட்டுப் பதினாறின்மானத்தில் முகவரி. ‘விர்ட்’ மெஷினின் மெமரி 1 ஜி.பி. முகவரியில் தொடங்குகிறது, அதாவது 40000000. நோடு 0 அங்கே. அதிலிருந்து 512 எம்.பி. தள்ளி 60000000-இல் நோடு 1. அது முடியும் இடம் 80000000. நோடு 2 அங்கே தொடங்குகிறது, நீளம் சுழியம். நீளம் சுழியம் என்பதால் நோடு 3-உம் அதே 80000000-இல்தான் தொடங்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள். டிவைஸ் ட்ரீ நூலகம் இரண்டாவதை ஏற்காது. காலி நோடு ஒன்றே என்றால் பெயர் மோதல் இல்லை, அதனால்தான் ஓடியது.

பெயரை மாற்றி ஒட்டுப்போடலாம். ஆனால் இல்லாத மெமரிக்கு முகவரி எழுதுவதே பொய்க்கணக்கு. கியூஎமுவில் முடிவில் எடுத்த வழி நேர்மையானது: காலி நோடுக்கு மெமரித் துண்டே எழுத வேண்டாம். அப்படியானால் நோடு 2, 3 இருப்பதைக் கர்னல் எப்படி அறியும்? தூர அட்டவணையிலிருந்து. டிவைஸ் ட்ரீயில் ‘நியூமா-டிஸ்டன்ஸ்-மேப்-வி1’ என்ற பகுதி உண்டு. அதில் எண்கள் மும்மூன்றாக நிற்கும்: எந்த நோடு, எந்த நோடு, இடையே எவ்வளவு தூரம். லினக்ஸ் 5.16 முதல் கர்னல் அந்த அட்டவணையை வாசிக்கும்போது, அதில் பெயர் வரும் நோடுகளையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. குறிநிரலில் அதற்கு ஆன செலவு ஒரே ஒரு வரி.

ஆகவே ஆர்ம்64-இல், டிவைஸ் ட்ரீ வழியாக பூட் செய்தால், கெஸ்ட் கர்னல் 5.16 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். கியூஎமுவையும் புதுப்பியுங்கள். தூரத்தைத் தானாக வரும் என்று விட்டுவிடாமல் -நியூமா டிஸ்ட் கொண்டு நீங்களே எழுதுங்கள். நான்கு நோடுகளுக்கு ஆறு இணைகள்: 0-1, 0-2, 0-3, 1-2, 1-3, 2-3. ஒரு திசைக்குக் கொடுத்தால் மறு திசைக்கும் அதுவே வரும். ஆனால் ஒன்றை எழுதத் தொடங்கினால் ஆறையும் எழுதியாக வேண்டும், ஒன்று விட்டாலும் கியூஎமு நின்றுவிடும். தூர அட்டவணை இல்லையென்றால் காலி நோடுகள் கர்னலின் கண்ணில் படாமலே போகும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த விஎம்-மில் சிபியு ஒன்றை ஹாட்-ஆட் செய்தோம். சில நொடிகளில் கர்னல் பேனிக் (கர்னலே பிழையில் நின்றுவிட்டது). பிழையில் முகவரி 1608 என்று இருந்தது, அழைப்பு அடுக்கில் பிசிபியு_ஆலாக்_பேஜஸ். கர்னல் 5.10. சிபியு சேர்த்ததற்கு மெமரி ஏன் விழுகிறது?

பதில்: 2021 இறுதியில் வெளியே வந்து கர்னல்காரர்களைக் கொஞ்ச நாள் வாதிட வைத்த கோளாறு இது. நிதானமாகப் பிரித்துப் பார்க்கத் தக்கது.

புதிய சிபியு, இதுவரை ஆன்லைன் ஆகாத ஒரு நோடைச் சேர்ந்தது. ஹாட்-ஆட் நடந்தவுடனேயே ‘இந்த சிபியு அந்த நோடுக்காரன்’ என்று கர்னல் குறித்துக்கொள்கிறது. ஆனால் அந்த நோடுக்கான பிஜிடேட் என்ற அமைப்பு, அதாவது நோடின் சோன்களும் (மெமரிப் பிரிவுகளும்) சோன்லிஸ்ட்டும் அடங்கிய ஏடு, அப்போது உருவாகவில்லை. பழைய கர்னல்களில் அது சிபியு ஆன்லைன் ஆகும் நேரத்தில்தான் உருவாகும். சேர்த்ததற்கும் ஆன்லைன் ஆவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் யாராவது பெர்-சிபியு (ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியான) மெமரி கேட்டால் வந்தது வினை. பெர்-சிபியு ஒதுக்கீடு ஆன்லைனில் உள்ள சிபியுக்களுக்கு மட்டும் நடப்பதில்லை, பாசிபிள் சிபியு ஒவ்வொன்றுக்கும் நடக்கும். புதிய சிபியுவின் முறை வரும்போது அதன் நோடிலிருந்து பக்கம் கேட்கும். நோடின் ஏட்டைக் காட்ட வேண்டிய சுட்டி நல், அதாவது சுழியம். கர்னல் அந்தச் சுழியத்தோடு சோன்லிஸ்ட் இருக்கும் தொலைவைக் கூட்டி அங்கே படிக்கப் போகிறது. நீங்கள் பார்த்த 1608 அந்தத் தொலைவுதான். எண் கர்னலுக்குக் கர்னல் மாறும், ஆனால் பேனிக்கில் முகவரி இப்படிச் சின்னதாக இருந்தால் நல் சுட்டியின் மேல் ஒரு களத்தைத் தேடிப் போயிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

‘பெர்-சிபியு இடத்தில் ஒரு சோதனை போட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. அதே கேள்வியைக் கேட்கும் இடங்கள் கர்னல் முழுக்க இருக்கின்றன, இன்று ஒன்றை அடைத்தால் நாளை இன்னொன்று. அதனால் 5.18-இல் வேரிலேயே மாற்றினார்கள்: பாசிபிள் பட்டியலில் உள்ள எல்லா நோடுக்கும், ஆன்லைனோ இல்லையோ, பூட்டிலேயே ஏடு உருவாகிவிடும். காலி நோடு என்றால் ஏட்டில் பக்கங்கள் சுழியம், ஆனால் சோன்லிஸ்ட் அருகிலுள்ள நோடுகளைக் காட்டும். டிமெசேஜில் ‘இனிட்மெம் செட்டப் நோட் 2 ஆஸ் மெமரிலெஸ்’ என்ற வரியைப் பார்த்தால் பதற வேண்டாம், அது நல்ல அறிகுறி.

5.10-இலேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் முதலில் உங்கள் விநியோகத்தார் திருத்தத்தைப் பின்கொணர்ந்திருக்கிறார்களா என்று அவர்களின் மாற்றக் குறிப்பில் பாருங்கள். இல்லையென்றால் வரிசையை மாற்றுங்கள்: அந்த நோடில் முதலில் மெமரியைச் சேருங்கள், அது ஆன்லைன் ஆனதும் சிபியுவைச் சேருங்கள். மெமரி ஏறும்போதே நோடின் ஏடு பிறந்துவிடும்.

கேள்வி: நியூமாசிடிஎல் --மெம்பைண்ட்=2 கொடுத்தால் ‘<2> இஸ் இன்வாலிட்’ என்கிறது. நோடு 2 ஆன்லைனில்தானே இருக்கிறது?

பதில்: ஆன்லைன், சரி. ஹாஸ்_மெமரியில் இல்லை. ‘இங்கே மட்டும்’ என்ற கட்டாயக் கொள்கைக்கு மெமரி உள்ள நோடு ஒன்றாவது வேண்டும், இல்லையென்றால் கர்னலே ஈஇன்வால் (செல்லாத மதிப்பு) என்று திருப்பிவிடும். --சிபியுநோட்பைண்ட்=2 என்று சிபியுவை மட்டும் கட்டுங்கள். மெமரி தானாக அருகிலிருந்து வரும்.

கேள்வி: 1 ஜி.பி.-யில் ஓடும் சின்ன விஎம்-மின் காலி நோடில் 64 ஜி.பி. டிம் ஒன்றை ஹாட்பிளக் செய்தேன். மெமரி சேர்வதற்குப் பதில் மெமரி தீரும்போது எழும் ஓஓஎம் கில்லர் வந்து இருந்த நிரல்களைக் கொன்றது. மெமரி கொடுக்கக் கொடுக்கப் பற்றாக்குறை வருமா?

பதில்: வரும். கர்னல் ஒவ்வொரு 4 கே.பி. பக்கத்துக்கும் 64 பைட் அளவில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. 64 ஜி.பி.-யில் 1,67,77,216 பக்கங்கள். பெருக்கிப் பாருங்கள், குறிப்புகளுக்கே 1 ஜி.பி. வேண்டும். அந்தக் குறிப்புகளை எழுத இடம் எங்கே? புதிய மெமரி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. நோடோ காலி, அதில் பழைய மெமரி ஒரு பக்கமும் இல்லை. மிச்சம் இருப்பது நோடு 0-இன் 1 ஜி.பி. அதைத்தான் எடுத்தது. வீடு கட்ட வந்த செங்கல்லை இறக்கி வைக்க இருந்த வீட்டையே இடித்த கதை.

டிம் வகை ஹாட்பிளக்குக்கு மெமரி_ஹாட்பிளக்.மெம்மேப்_ஆன்_மெமரி=1 என்று பூட் வரியில் சேருங்கள். குறிப்புகள் புதிய மெமரியிலேயே எழுதப்படும். விர்ட்டியோ-மெம் (அளவைக் கூட்டிக் குறைக்கும் மெய்நிகர் மெமரிச் சாதனம்) பயன்படுத்தினால் அந்த வசதி அதற்குப் பொருந்தாது, ஆனால் அதில் கோரும் அளவைப் படிப்படியாக ஏற்றலாம். 1 ஜி.பி. விஎம்-முக்கு முதலில் 4 ஜி.பி., அது ஆன்லைன் ஆனதும் 16, பிறகு மீதி. முன்னால் ஏறியது பின்னால் வருவதன் குறிப்புகளைச் சுமக்கும்.

இந்த ‘சுமக்கும்’ என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/மெமரி அடைவில் ஆட்டோ_ஆன்லைன்_பிளாக்ஸ் கோப்பைப் பாருங்கள். அதில் ஆன்லைன்_மூவபிள் என்று இருந்தால் புதிய மெமரி முழுதும் மூவபிள் (இடம் மாற்றக்கூடிய) சோனுக்குப் போகும். பின்னால் திரும்ப எடுக்க அது வசதி. ஆனால் கர்னல் தன் சொந்தத் தேவைக்கு, பக்கக் குறிப்பு உட்பட, அதிலிருந்து எடுக்காது. நோடு 2-இல் 64 ஜி.பி. இருந்தும் ஹாஸ்_நார்மல்_மெமரி பட்டியலில் அது வராது. நிரல்களுக்கு அது மெமரி உள்ள நோடு, கர்னலுக்கு ஏறக்குறைய காலி நோடு. அப்படி வைத்தால் நோடு 0-இல் மெமரியைத் தாராளமாக விடுங்கள்.

கேள்வி: டிரைவர் எழுதுகிறேன். கர்னலிடம் மெமரி கேட்கும் கேமாலாக்_நோட்-இல் சாதனத்தின் நோடு எண்ணைக் கொடுக்கிறேன். அந்த நோடு காலியாக இருந்தால்?

பதில்: எண் மட்டும் கொடுத்தால் கவலையில்லை. நார்மல் மெமரி இல்லாத நோடைக் கேட்டால் ஸ்லப் (கர்னலின் சிறுதுண்டு மெமரி ஒதுக்கி) அந்த நிபந்தனையை விட்டுவிட்டு வேறெங்காவது எடுத்துத் தரும். இந்த நடத்தை எளிதில் வந்ததல்ல. முன்பு, கேட்ட நோடும் கிடைத்த பக்கத்தின் நோடும் பொருந்தவில்லை என்று ஒவ்வொரு முறையும் கையிலிருந்த ஸ்லாபைக் (மெமரித் துண்டை) கைவிட்டுப் புதிது எடுத்து மெமரியை விழுங்கிய காலம் உண்டு. ஐபிஎம்-மின் பவர் எந்திரங்களில் அது பெரிய தலைவலியாக இருந்தது.

__ஜிஎஃப்பி_திஸ்நோட் கொடியைச் சேர்த்தால் கதை வேறு. ‘இங்கே மட்டும்’ என்றதும் கர்னல் மாற்று வரிசையை எடுக்காது, காலி நோடில் ஒதுக்கீடு உடனே தோற்கலாம். உண்மையாகவே தேவையில்லாத இடத்தில் அந்தக் கொடி வேண்டாம். ‘என் சிபியுவுக்கு அருகிலுள்ள மெமரி நோடு எது’ என்று கேட்க நியூமா_மெம்_ஐடி இருக்கிறது. நியூமா_நோட்_ஐடி சொல்வது சிபியு எந்த நோடில் என்பதை. காலி நோடுகளைத் தனியாகக் கணக்கில் கொள்ளும் கட்டமைப்புகளில் இரண்டுக்கும் விடை வேறாகலாம். விஎம்-களில் பல சாதனங்களுக்கு நோடு எண்ணே -1 என்று வரும். அதையும் உங்கள் நிரல் தாங்க வேண்டும்.

கேள்வி: பவர் சர்வரின் எல்பார் (சர்வரைப் பகுத்த பிரிவு) ஒன்றில் நோடு 0-இல் சிபியுவும் இல்லை, மெமரியும் இல்லை, இருந்தும் ஆன்லைன் என்று காட்டுகிறது.

பதில்: பிரிவுக்குக் கிடைத்த வளங்கள் வேறு நோடுகளில் இருக்கின்றன. கர்னலோ தன் தொடக்க மதிப்பிலேயே நோடு 0-ஐ ஆன்லைன் என்று எழுதி வைத்துக்கொண்டு பிறக்கிறது, ஏனென்றால் நோடு 0 இல்லாத எந்திரம் அபூர்வம். பவரில் அது அபூர்வமல்ல. அந்தப் போலி நோடால் 2020-இல் சில கர்னல்களில் ஸ்லப் விழுந்ததும் உண்டு, பிறகு பவருக்குத் திருத்தம் வந்தது. புதிய கர்னலில் அது மறைந்துவிடும். பழையதில் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ‘நோடு 0-இல் காலி மெமரி 0’ என்று அலாரம் அடித்தால், ஆன்லைன் கோப்பை விட்டுவிட்டு ஹாஸ்_மெமரியைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா விஎம்-முக்கும் 16 காலி நோடுகள் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஏடு ஒன்றின் செலவு பெரிதல்ல. ஆனால் மெமரி சிகுரூப் (நிரல் குழுவின் மெமரிக் கணக்கு) ஒவ்வொன்றும் பாசிபிள் நோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குப் பகுதி ஒதுக்குகிறது. கன்டெய்னர்கள் நூற்றுக்கணக்கில் பிறந்து மடியும் விஎம்-மில் அது பெருகிக்கொண்டே போகும். ஆர்ம்64-இல் கர்னலின் இயல்பான உச்சவரம்பே 16 நோடுதான் என்பதையும் பாருங்கள். மெமரி ஏற்றப்போகும் நோடு எத்தனை என்று எண்ணி, அத்தனை மட்டும் கொடுங்கள்.